வீட்டுல யாருக்கும் தெரியாத பேரு

அந்தப் பைய மேல வெக்காதீங்க தம்பி, மடியிலயே வெச்சுக்குங்க. லேப்டாப்புதானுங்களே? பல்லடம் தாண்டற வரைக்கும் இந்த வண்டி குலுக்கி எடுத்துருவான். நானும் காலையில மடியில வெச்சுத்தான் கொண்டு வந்தேன். போறப்ப வெறுங்கையா போறேன்.

கம்ப்யூட்டர் வேலைதானுங்களா நீங்க? நெனச்சேன். அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கேக்கறதுக்கு முன்னால முழுசாச் சொல்லீரறேன், இல்லீன்னா நான் எம்பக்கத்த மட்டும் சொல்றாப்பல ஆயிரும். குத்தம் எம்மேலதானுங்க. அத மொதல்லயே ஒத்துக்கறேன். ஆனா ஒரு ஆன்டிவைரஸுக்காக ஒரு ஊட்டுல ஆறு மாசம் பேச்சு நின்னு போகுமுங்களா? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில ஸ்டோரு எம்பொறுப்பு. மொதலாளி மகனே வந்து கேட்டாலும் என்ற கையெழுத்து இல்லாம ஒரு வாசர் வெளிய போகாது. அந்தப் பையனுக்கு எம்மேல கோவம்தான். இருக்கட்டும். கணக்கெடுப்பு வர்றப்ப பொருளு கொறஞ்சா அவனா வந்து பதில் சொல்லுவான்? நாந்தானே சொல்லோணும். அது அப்பிடியே எனக்குப் பழகிப் போச்சுங்க. ஊட்டுலயும் அப்பிடித்தான்னு சாந்தாமணி சொல்லுவா. சாந்தாமணிங்கறது எங்கூட்டுக்காரி. எங்களுக்கு ஒரே பொண்ணு, கவிப்பிரியா. ஊட்டுல பாப்பான்னுதான் கூப்புடுவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச புள்ளை.

அது ரெண்டாவது வருசம் படிக்கறப்ப, கூடப் படிக்கற புள்ளை ஒண்ணு ஊட்டுக்கு வந்து, வீடியோ வெட்டி ஒட்டற சாஃப்ட்வேர் ஒண்ண ஓசியில ஏத்திக் குடுத்துச்சுங்க. ஆன்டிவைரஸ் விடல. ஆபத்து, வேண்டாம்னு செவப்பாக் காட்டுச்சாம். ரெண்டும் சேந்துக்கிட்டு ஆன்டிவைரஸ அமுத்தி வெச்சுட்டு ஏத்தீருச்சுங்க. அவ்வளவுதான். மறுநாள் தெறந்தா ஒரே விளம்பரமா வருது, அசிங்க அசிங்கமா. எழுதி வெச்ச புராஜெக்டு மொத்தமும் போச்சு. பாப்பா சாப்பிடாம அழுதுச்சுங்க. எனக்குப் பொறுக்குமா? கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

கடைக்காரர் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, புதுசா ஒரு ஆன்டிவைரஸ் போட்டுக் குடுத்தாருங்க. அப்பத்தான் சொன்னாரு, இதுக்குள்ள ஒரு வசதி இருக்குது, பாஸ்வேர்டு வெச்சுட்டா யாரும் இத நிறுத்த முடியாது, எடுக்க முடியாது, இது புடிச்சு வெச்சத விடுவிக்கவும் முடியாதுன்னு. எனக்குக் காதுல தேன் பாஞ்சாப்பல இருந்துது. நம்ம ஸ்டோரு மாதிரியே இருக்குதேன்னு நெனச்சேன். 'போடுங்க'ன்னேன். 'ஊட்டுல இருக்கறவங்க யாரும் ஊகிக்க முடியாத பேரா வைங்க'ன்னு சொல்லிட்டு அவரு அக்கட்டால திரும்பிக்கிட்டாரு.

சாந்தாமணின்னு வெச்சா பாப்பா கண்டுபுடிச்சுரும். பாப்பா பேரு வெச்சா கேக்கவே வேண்டாம். கொலதெய்வத்துப் பேரு, எங்கப்பன் பேரு, எல்லாம் அதுக்குத் தெரியும். ஊட்டுல யாருக்கும் தெரியாத பேரு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானுங்க இருந்துது.

சிரிக்காதீங்க தம்பி. அதுல ஒண்ணுமே இல்ல. பொள்ளாச்சியில டைப்பிங் படிக்கறப்ப பக்கத்து மிஷின்ல உக்காந்து அடிச்ச புள்ளை. அவங்க வேற சாதி, வேற மதம். நான் ஒரு வார்த்தை கூட தப்பாப் பேசுனதில்ல. ரிப்பன் மாட்டித் தருவேன். அவ்வளவுதான். அப்பறம் அவங்கப்பாவுக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க. எனக்குக் கல்யாணமாகி, புள்ளை பொறந்து, எல்லாம் ஆச்சு. ஆனா விரலுக்கு அந்தப் பேரு சுலபமா வந்துதுங்க. அந்த வகுப்புல வாத்தியாரு இல்லாத நேரத்துல அதத்தானே அடிச்சு அடிச்சுப் பாத்தேன். டைப்பிங் படிச்ச வருசத்தையும் கூடச் சேத்து வெச்சேன். பாதுகாப்புக்குத்தானுங்க. வேற ஒண்ணுக்கும் இல்ல.

அன்னைக்கு இருந்து லேப்டாப்புல ஒரு வைரஸ் கெடையாது. அதச் சொல்லோணுமில்லீங்களா? பாப்பாவுக்கு என்ன ஏத்தோணும்னாலும் நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்கும். நான் கை கால் கழுவி, காப்பி குடிச்சுட்டு வந்து உக்காருவேன். 'இது என்ன சாஃப்ட்வேர் கண்ணு? எதுக்கு? யாரு சொன்னா? இது இல்லாம முடியாதா?'ன்னு கேப்பேன். கேட்டுத் தெரிஞ்சுக்கறது தப்புங்களா? அப்பறம் அதத் திரும்பிக்கச் சொல்லிட்டு பாஸ்வேர்டு அடிப்பேன். பாதி நேரம் அது சொல்ற பேரே எனக்கு வெளங்காது. வெளங்காததுன்னா வேண்டாம்னுருவேன். மொதல்ல அடிக்கடி கேட்டுட்டிருந்துது. அப்பறம் கொறஞ்சுது. அப்பறம் கேக்கறதே இல்ல. சரி, படிப்புக்கு வேண்டியதெல்லாம் ஏத்தியாச்சு போலன்னு நான் விட்டுட்டேன். காலேஜு லேப்புல பொழுது சாய உக்காந்து முடிச்சுட்டு வருதுன்னு எனக்கென்ன தெரியும்? பஸ்ஸு லேட்டுன்னுதானே சொல்லும்.

இப்பப் போன ஆவணியில ஒரு பெரிய கம்பெனி வந்துதுங்க, மெட்ராஸ்ல இருந்து. பேரு சொன்னா உங்களுக்குத் தெரியும், வேண்டாம். பல கட்டம் தாண்டி அந்த காலேஜுல அஞ்சாறு புள்ளைங்க மட்டும் கடைசிப் பரீட்சைக்கு நின்னாங்க. அதுல எங்க பாப்பா ஒண்ணு. பரீட்சை ஊட்டுல இருந்தே எழுதறது. அதுக்குன்னு ஒரு தனி சாஃப்ட்வேர் ஏத்தோணும். அது கேமராவுல மூஞ்சியப் பாக்கும், வேற எதும் தெறக்க விடாது. நீங்க பாத்திருப்பீங்க. ஆன்டிவைரஸுக்கு அது புடிக்கல. யாரோ உளவு பாக்கற மாதிரி நெனச்சுப் புடிச்சு வெச்சுக்குச்சு. நான்தான் ஞாயித்துக்கெழமை உக்காந்து, பாஸ்வேர்டு அடிச்சு, அத விடுவிச்சு, இனிமே புடிக்காதேன்னு பட்டியல்லயும் சேத்து விட்டேன். அதுக்கப்பறம் பாப்பா ஒத்திகை பாத்துது. மூஞ்சி காட்டுச்சு, சரின்னு வந்துருச்சு. அந்த லேப்டாப்பையே பதிஞ்சும் வெச்சுட்டாங்க, வேற மிஷின்ல எழுத முடியாது. நானும் நிம்மதியா இருந்தேன்.

பரீட்சையன்னைக்கு எம்மச்சான் ஊட்டுப் புதுமனை. சாந்தாமணியோட அண்ணன். அவளே போயிருக்கோணும், கூடப் பொறந்தவ. 'பாப்பாவுக்குப் பக்கத்துல ஆளு வேணும், கரண்டு போனா, யாராச்சும் கதவத் தட்டுனா பாத்துக்கோணும், நீங்க போயிட்டு வாங்க'ன்னுட்டா. நானும் தாம்பாளம், வேட்டி சேலையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க பால் காய்ச்சி முடிச்சு, பந்தி போட்டிருந்தாங்க. மச்சானுக்குப் பக்கத்துல எனக்கு எலை. கை நனைக்கப் போறேன், போன் அடிக்குது.

பாத்தா சாந்தாமணி நெம்பரு. எடுத்தா பாப்பா. பாப்பா போன அணைச்சு வெச்சுட்டுதான் பரீட்சைக்கு உக்காரோணும்னு விதி, அதனால அம்மா போன்ல இருந்து கூப்புட்டுது. 'அப்பா, காலையில பரீட்சை சாஃப்ட்வேர் தானா புதுசு பண்ணிக்குச்சுப்பா. ஆன்டிவைரஸ் இது வேற ஆளுன்னு நெனச்சு மறுபடியும் புடிச்சு வெச்சுக்குச்சு. பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா, சீக்கிரம். உள்ள நொழையற நேரம் முடியப் போகுது.'

நான் எலைய விட்டு எந்திரிச்சு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயிட்டேன். 'அம்மா எங்க கண்ணு?'ன்னேன். 'இங்கதாம்ப்பா, எம்பக்கத்துல போனப் புடிச்சுட்டு நிக்கறாங்க.' 'சத்தமா வர்றாப்பல போட்டிருக்கியா?' 'ஆமாம்ப்பா, எனக்கு ரெண்டு கையும் வேணுமில்ல. சொல்லுங்கப்பா.' 'சத்தத்தக் கொறச்சுட்டு போனக் காதுல வையி.' 'எதுக்குப்பா? நேரமில்லப்பா, சொல்லுங்க!'

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். மெசேஜுல அனுப்பியிருக்கலாமில்லன்னு. நெனச்சேன் தம்பி, நெனைக்காம இல்ல. ஆனா அது சாந்தாமணி போனு. எழுத்துல நின்னுருமில்லீங்களா? வாயில சொன்னது காத்தோட போயிரும்னு பாத்தா, வாயிலயும் வரல. அவ அண்ணன் ஊட்டுப் புதுமனையில, அவ அண்ணன் பக்கத்துல போட்ட எலைய விட்டு எந்திரிச்சு வந்து, அவ காதுல இன்னொருத்தி பேர நான் எப்பிடிங்க சொல்றது?

சித்த நேரம் கெடைச்சா வேற வழி தோணும்னு நெனச்சேன். அதுக்காகத்தான் சொன்னேன். 'உங்கம்மா பேருதான் கண்ணு'ன்னேன்.

சாந்தாமணி சிரிச்சா. போன்ல கேட்டுது எனக்கு. 'அய்ய, என்ற பேரா வெச்சிருக்கறீங்க?'ன்னா. கல்யாணமான புதுசுல கூட அப்பிடி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்ல. அதக் கேட்டப்பவாச்சும் நான் சொல்லியிருக்கோணும். அது புரியுதுங்க எனக்கு. அப்பவும் புரிஞ்சுது.

தப்புன்னு வந்துருச்சு. 'சின்ன எழுத்துல போட்டுப் பாரு கண்ணு'ன்னேன். போட்டுது. தப்பு. 'வருசத்தச் சேத்துப் போடு.' 'எந்த வருசம்ப்பா?' 'நாங்க கல்யாணம் பண்ணுன வருசம்.' அதுவும் தப்பு. சாந்தாமணி சிரிக்கறத நிறுத்தியிருந்தா. 'அப்ப உம்பேரா இருக்கும்'ன்னேன். ஒவ்வொண்ணும் தப்புன்னு தெரிஞ்சேதானுங்க சொன்னேன். பொய் ஆரம்பிச்சாச்சு, அதுக்கு மேல போக வேண்டியதாப் போச்சு. கடைசியில அது பூட்டிக்கிச்சு. நெறைய தடவை தப்பா அடிச்சுட்டீங்க, அப்பறம் வாங்கன்னு.

'அப்பா, நல்லா நெனச்சுப் பாருங்கப்பா. வேற எதாச்சும் இருக்காப்பா?'ன்னு பாப்பா கேட்டுது. கத்தல தம்பி. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். மெதுவாக் கேட்டுது. 'மறந்துட்டேன் கண்ணு, நேர்ல வந்து பாக்கறேன்'ன்னு போன வெச்சுட்டு, மச்சான்கிட்டக் கூட சொல்லாம வண்டிய எடுத்தேன்.

இங்கதான் உங்ககிட்டக் கேக்கோணும்னு நெனச்சேன். அது பூட்டிக்கிட்ட பிறகு தெறக்க வேற வழி ஏதாச்சும் இருந்துதுங்களா? கம்ப்யூட்டரே படிச்ச புள்ளைதானே. அதுக்குத் தெரிஞ்சிருக்கோணுமில்லீங்களா? என்னங்க? சேஃப் மோடு... அதுல போயி எடுக்கலாமா? பாத்தீங்களா, நான் சொல்லல? எங்க கம்பெனியில ஒரு பையனும் இதேதான் சொன்னான். ஓ. அப்பிடியே எடுத்தாலும் மறுபடி எல்லாம் கெளம்பி வர்றதுக்குள்ள நேரம் போயிருக்குமா. பரீட்சைக்கு முன்னால பயத்துல இருக்கற புள்ளைக்கு அது தோணாதுங்கறீங்க. சரி. சரிங்க. சும்மா கேட்டேன்.

நான் போயிச் சேர்றப்ப நேரம் முடிஞ்சுருந்துது. பாப்பா நாற்காலியில இல்ல, தரையில உக்காந்திருந்துது. பரீட்சைக்குன்னு மூஞ்சி கழுவி, தலை பின்னி, புதுச் சுடிதாரு போட்டு, கேமராவுல தெரியறதுக்காகப் பின்னாடி சொவத்துல வெள்ளத் துணி கட்டி வெச்சிருந்துது. அந்தத் துணிக்குக் கீழ உக்காந்திருந்துது. அது கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. சோத்துல கைய வெச்சா அதுதான் வருது.

ஆனா அப்ப நான் என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? நேரா லேப்டாப்புகிட்டப் போயி, தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கைய மறைச்சுக்கிட்டு, அந்தப் பேர அடிச்சேன். பூட்டுன நேரம் முடிஞ்சிருந்துது போல, டக்குன்னு தெறந்துக்கிச்சு. 'பாத்தியா கண்ணு, தெறந்துருச்சு!'ன்னேன். சந்தோசமா வேற சொன்னேன். என் வாய்ல கொள்ளிய வெக்க.

பாப்பா நிமுந்து பாத்து, 'மறந்துட்டேன்னீங்களேப்பா'ன்னுது. அதுக்கப்பறம் அது எங்கிட்டப் பேசலீங்க.

வாத்தியாரெல்லாம் அந்தக் கம்பெனிக்குப் பேசிப் பாத்தாங்க. நேரத்துக்குள்ள நொழையாதவங்க நொழையாதவங்கதான்னு சொல்லிட்டாங்க. கூட எழுதுனதுல ரெண்டு புள்ளைங்க இப்ப மெட்ராஸ்ல இருக்குதுங்க.

அன்னைக்குப் பொழுது சாயறப்ப சாந்தாமணி எனக்குச் சோறு போட்டா. போட்டுட்டு, மோரு ஊத்தறப்ப, சாதாரணமாக் கேக்கறா. 'ஏனுங்க, அந்த டைப்பிங் வகுப்புப் புள்ளை பேருங்களா?'

கைல எடுத்த சோறு அப்பிடியே நின்னுருச்சு. 'உனக்கு யாரு சொன்னா?'ன்னேன். 'உங்கக்காதான். கல்யாணமான மொதத் தீவாளிக்கே சொல்லிட்டாங்க'ன்னா. எங்கக்காவுக்கு வாயி சும்மா இருக்காது, அது தெரிஞ்ச விசயம். ஆனா பாருங்க தம்பி, இவளுக்கு அந்தப் பேரு தெரிஞ்சே இருந்திருக்குது! எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. 'தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏம்புள்ள சும்மா நின்ன? அங்க புள்ளை தவிக்குது, இதப் போட்டுப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பரீட்சை எழுதியிருக்குமில்ல?'ன்னு கேட்டேன். நாயமான கேள்விதானுங்களே?

அவ மோருச் சொம்பக் கீழ வெச்சா. 'அதா இருக்கும்னு எனக்குத் தோணலீங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

கத்துனா பதிலுக்குக் கத்தலாம். அழுதா சமாதானம் சொல்லலாம். அவ ரெண்டும் பண்ணல. பாத்திரம் கழுவப் போயிட்டா. அடுத்த நாளும் எப்பவும் போல காப்பி, எப்பவும் போல சோறு. ஒரு கொறையும் வெக்கல. ஆனா அதுல இருந்து ஒரு பழக்கம் வந்துது பாருங்க, நான் லேப்டாப்பு முன்னாடி உக்காந்தாப் போதும், வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு எம்பின்னாடி கூட்ட வந்துருவா. சுத்தமா இருக்கற எடத்தையே கூட்டுவா. வேணும்னே எரிச்சல் பண்றான்னு நெனச்சேன்.

நான் எதுக்கு லேப்டாப்பு முன்னாடி உக்காந்தேன்னு கேக்கறீங்களா? பாப்பா அதத் தொடறதே இல்லீங்க. திருப்பூருல ஒரு பனியன் கம்பெனி ஆபீசுல வேலைக்கு வந்துருச்சு, லேப்டாப்ப அலமாரியிலயே வெச்சுட்டு. ரெண்டு மூணு புள்ளைங்க சேந்து வாடகைக்கு ஊடு எடுத்திருக்குதுங்க. அங்க பில்லு போடற வேலை. கம்ப்யூட்டர் படிச்சுட்டு பில்லு போடுதுங்க எம்புள்ளை. லேப்டாப்ப அப்பிடியே உட்டா ஆன்டிவைரஸ் பழசாயிரும்னு, நாந்தான் வாரா வாரம் தெறந்து, பாஸ்வேர்டு அடிச்சு, புதுசு பண்ணி, மூடி வெப்பேன். அதையாச்சும் ஒழுங்கா வெச்சிருக்கோணுமில்லீங்களா?

பாப்பா போன் பண்ணும், அம்மாவுக்குத்தான். நான் பக்கத்துல உக்காந்து அது பேசறதக் கேப்பேன். போன வாரம் பேசறப்ப, கோயமுத்தூருல ஒரு கம்பெனி, சின்னதுதான், ஆனா படிப்புக்கேத்த வேலை, ஞாயித்துக்கெழமை பரீட்சைன்னுது. அதே மாதிரி லேப்டாப்புல எழுதறதாம். 'கொண்டு வாங்கம்மா. ஆனா அந்த ஆன்டிவைரஸ எடுத்துட்டுக் கொண்டு வாங்க'ன்னு சொல்லுச்சு. சாந்தாமணி எம்பக்கம் திரும்பி, 'கேட்டுதுங்களா?'ன்னா. கேட்டுதுன்னேன்.

நான் எடுக்கலீங்க.

இதுக்கும் குத்தம் எம்மேலதான். ஒத்துக்கறேன். ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரு பாதுகாப்பும் இல்லாம எப்பிடி அனுப்பறது? வெளியூரு. யாரு யாரோ இருக்கற ஊடு. அங்க என்ன நெட்டோ, யாரு போட்டதோ. அந்தப் புது சாஃப்ட்வேர மட்டும் நேர்ல போயி நானே விடுவிச்சுக் குடுத்துட்டாப் போதும்னு நெனச்சேன். நானும் பாப்பாவும் பக்கத்துல உக்காந்து... ஒரு வேலைய ரெண்டு பேரு சேந்து செஞ்சா தானாப் பேச்சு வருமில்லீங்களா? அந்த ஆசைதான். பொய் சொல்லல.

இன்னைக்குக் காலையில போயிச் சேந்தோம். கூட இருக்கற புள்ளை ஒண்ணு ஊருக்குப் போகாம இருந்துது. லேப்டாப்பத் தெறந்து, பரீட்சை சாஃப்ட்வேர ஏத்துனா, செவப்பா வந்து நின்னுக்கிச்சு. பாப்பா அதப் பாத்துட்டு, 'எடுக்கலையா?'ன்னுது. எங்கிட்டக் கேக்கல, சொவத்தப் பாத்துக் கேட்டுது. 'வைரஸ் வந்துரும்னுதான் கண்ணு... சித்த நகரு, அப்பா ஒரு நிமிசத்துல அடிச்சுத் தந்துருவேன்'ன்னேன்.

'நானே அடிச்சுக்கறேன். சொல்லுங்க.'

ரெண்டு கையையும் எழுத்து மேல வெச்சுக்கிட்டு, நகராம உக்காந்துது. பக்கத்துல அந்தக் கூட்டாளிப் புள்ளை நிக்குது. சாந்தாமணி கதவோரம் பைய வெச்சுட்டு நிக்கறா. நான் வாயத் தெறந்தனுங்க. தெறந்தேன். கனைச்சுக்கிட்டேன். 'தண்ணி இருக்குதா கண்ணு?'ன்னு கேட்டேன்.

சாந்தாமணிதான் சொன்னா.

கதவோரத்துல இருந்து நகரல. இங்கிலீசு எழுத்து ஒவ்வொண்ணா, நிறுத்தி நிறுத்தி, கடைக்காரங்கிட்ட சாமான் சொல்றாப்பல சொன்னா. பாப்பா ஒவ்வொண்ணா அடிச்சுது. எட்டாங்கிளாசு படிச்சவங்க அவ, பஸ்ஸு போர்டையே தமிழ்ல எழுதியிருந்தாத்தான் படிப்பா. கடைசியில அந்த வருசத்தையும் சொன்னா. பாப்பா அடிச்சு முடிச்சுட்டு, அமுத்தாம, எழுத்தெல்லாத்தையும் வாய்க்குள்ளயே சேத்துப் படிச்சுப் பாத்துது. அது ஒரு பொம்பளைப் பேருன்னு அதுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. திரும்பி அம்மாவப் பாத்துது. என்னப் பாக்கல. சாந்தாமணி, 'அமுத்து கண்ணு, நேரமாகுது'ன்னா.

தெறந்துருச்சு. பாப்பா அந்த ஆன்டிவைரஸையே மொத்தமா எடுத்துருச்சு. எதுக்கு எடுக்கறீங்க, காரணம் சொல்லுங்கன்னு கூட அது ஒண்ணு கேட்டுது. பாப்பா எதும் எழுதாம மூடீருச்சு. அப்பறம் பரீட்சை சாஃப்ட்வேரு ஒரு தொந்தரவும் இல்லாம ஏறிக்கிச்சு. 'எல்லாரும் வெளிய இருங்க, அறைக்குள்ள வேற ஆளு தெரியக் கூடாது'ன்னு சொல்லிக் கதவச் சாத்திக்கிச்சு.

நானும் சாந்தாமணியும் மாடிப்படியில உக்காந்திருந்தோம். கீழ எங்கயோ தையல் மிஷினு ஓடிட்டே இருந்துது. எனக்கு அந்த வெளக்கமாறு நெனப்பு வந்துது. எம்பின்னாடி நின்னு அவ தரையக் கூட்டல. நான் எந்த எழுத்தத் தொடறேன்னு பாத்துப் பாத்து, எழுத்துக்குப் பேரு யாருகிட்டயோ கேட்டு, மனப்பாடம் பண்ணியிருக்கறா. அந்தப் பேர. ஆறு மாசமா. அடுப்புல நிக்கறப்ப, தண்ணி புடிக்கறப்ப, வாய்க்குள்ள அந்தப் பேரையே சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கோணுமில்லீங்க?

'எதுக்கு இதையெல்லாம் கத்துக்கிட்ட?'ன்னு கேட்டேன்.

அவ சேலைத் தலைப்பு நூலப் பிரிச்சுக்கிட்டே சொன்னா. 'மறுக்காவும் நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியுமுங்க. புள்ளைக்கு யாராச்சும் சொல்லோணுமில்ல?'

பரீட்சை நல்லா எழுதியிருக்குதாம். கூட்டாளிப் புள்ளை சொல்லுச்சு. முடிவு வர்ற வரைக்கும் சாந்தாமணி அங்கயே இருக்கறேன்னுட்டா. எனக்குத்தான் நாளைக்கு ஸ்டோரு தெறக்கோணும், அதனால கெளம்பிட்டேன். பாப்பா வாசல் வரைக்கும் வந்துது. 'பாத்துப் போங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. அது போதும் எனக்கு. போதும்னு வெச்சுக்கறேன்.

ஆனா சாந்தாமணி சொன்னது தப்புங்க தம்பி. அது மட்டும் எனக்கு ஒப்பல. நான் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை கட்டாயம் சொல்லியிருப்பேன். வாயத் தெறந்துட்டேன், தண்ணி கேட்டது ஒரு மடக்குக் குடிச்சுட்டுச் சொல்லலாம்னுதான். அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. இல்லீன்னா பாப்பா காதுபட, அவ காதுபட, அந்தக் கூட்டாளிப் புள்ளை காதுபட, பளிச்சுன்னு சொல்லியிருப்பேன். இனி அதுல மறைக்க என்னங்க இருக்குது?

என்னங்க கேக்கறீங்க? பேரா?

சித்த மெதுவாப் பேசுங்க தம்பி. முன்னாடி சீட்டுல ஆளுங்க இருக்கறாங்க.